தலையிடி வந்தால் கட்டி வளருதா?

வணக்கம் ஐயா,

களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். பாடசாலையில் படிப்பிக்கிறேன், வயது 47. பெயர் வேண்டாம். வலது காதில் போனை வைத்தால் சத்தம் கேட்கும், சொல் விளங்காது என்ற நிலை வந்தபோது எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அக்கூஸ்டிக் நியூரோமா என்ற காது நரம்புக் கட்டி, 11 மில்லிமீற்றர் என்றார்கள். புற்றுநோய் இல்லை, இப்போதைக்குப் பார்த்துக்கொண்டிருப்போம் என்றார்கள். ஆறு மாதம் கழித்து எடுத்த படத்திலும் அளவு அப்படியே இருக்கிறது.

ஆனால் தலையிடி விடுவதில்லை. கிழமையில் நாலைந்து நாள் வரும். பிடரியில் தொடங்கி வலது பக்கமாக ஏறி நெற்றிக்கு வந்து நிற்கும். வரும்போதெல்லாம் கட்டி வளருதோ என்ற பயம்தான். கிளினிக்கில் கேட்டேன், "இது கட்டியால வாற தலையிடி இல்ல" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். யூடியூப்பில் பார்த்தால் தலையிடியும் இதன் அறிகுறி என்கிறார்கள். யாரை நம்புவது? பனடோல் போடாத நாள் இல்லை. தலைச்சுத்துக் குளிசையும் மாதக்கணக்காகப் போடுகிறேன், இருந்தும் இருட்டில் தள்ளாடுகிறது. ஒப்பரேஷன் செய்து எடுத்துவிட்டால் எல்லாம் தீருமா?

— ஒரு ஆசிரியை

*

அன்பின் டீச்சர்,

கிளினிக்கில் சொன்னது பெரும்பாலும் சரி. யூடியூப்பில் சொன்னதும் பொய்யில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கட்டியின் அளவு. அதை யாரும் உங்களுக்கு விளக்கவில்லை.

காதிலிருந்து மூளைக்குப் போகும் எட்டாவது நரம்பின் உறையில் உள்ள ஷ்வான் கலங்களில், பெரும்பாலும் சமநிலையைப் பார்க்கும் கிளையில், இந்தக் கட்டி தொடங்குகிறது. அந்த நரம்பு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் நீளமான எலும்புக் குழாய்க்குள்ளால் போகிறது. முகத்தை அசைக்கும் நரம்பும் அதே குழாய்க்குள்தான். 11 மில்லிமீற்றர் என்றால் கட்டி அந்தக் குழாய்க்குள்ளேயே இருக்கும், அல்லது வாசலைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். அதனால்தான் காது கேட்பதும் சமநிலையும் முதலில் கெடுகின்றன. மூளைக்கு வலி தெரியாது. வலி தெரிவது அதைச் சுற்றியுள்ள சவ்வுக்கும் இரத்தக் குழாய்களுக்கும்தான். கட்டி மூன்று சென்ரிமீற்றர் அளவுக்கு வளர்ந்து மூளைத்தண்டைத் தள்ளி, மூளை நீர் ஓடும் வழியை நெருக்கும்போதுதான் கட்டியின் சொந்தத் தலையிடி வருவது வழக்கம். சிறிய கட்டி உள்ள சிலர் காதுக்குள்ளும் காதுக்குப் பின் எலும்பிலும் ஒரு கடுப்பு இருப்பதாகச் சொல்வார்கள். அது உண்மையாக இருக்கலாம். பிடரியில் தொடங்கி நெற்றிக்கு ஏறும் தலையிடி வேறு சாதி.

பிறகு ஏன் எல்லா இடத்திலும் தலையிடியை அறிகுறிப் பட்டியலில் போடுகிறார்கள்? அமெரிக்க நரம்பு சத்திரசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங் 1917இல் இந்தக் கட்டி பற்றி ஒரு முழு நூல் எழுதினார். அறிகுறிகள் வரும் ஒழுங்கில் அவர் முதலில் வைத்தது காதுப் பிரச்சினைகளை. தலையிடி அதற்குப் பிறகுதான். அவர் பார்த்த நோயாளிகளுக்கு எம்.ஆர்.ஐ. இருக்கவில்லை, கட்டி பெரிதாகிப் பார்வை மங்கிய பிறகே பலர் வந்தார்கள். அந்தக் காலத்துப் பட்டியல் கைமாறிக் கைமாறி இன்றைய காணொளி வரைக்கும் வந்திருக்கிறது.

சரி, உங்கள் தலையிடி எங்கிருந்து வருகிறது? பரிசோதிக்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கடிதத்திலேயே இரண்டு காரணங்கள் கிடக்கின்றன.

ஒன்று கழுத்து. வலது காது கேட்காதவர் நாள் முழுக்கத் தன்னையறியாமல் தலையை வலப்பக்கம் திருப்பி, இடது காதை முன்னுக்குக் கொண்டுவருவார். சமநிலை கெட்டவர் தலையை ஆட்டப் பயந்து கழுத்தை விறைப்பாகப் பிடித்துக்கொள்வார். நீங்கள் இரண்டையும் செய்கிறீர்கள், அதுவும் 40 பிள்ளைகள் சத்தம் போடும் வகுப்பில். மேல் கழுத்து நரம்புகளும் முகத்துக்கான நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் வந்து சேர்வதால், பிடரித் தசையில் இருக்கும் வலி கண்ணுக்கு மேலும் நெற்றியிலும் தெரியும். பாடசாலை நாளில் பின்னேரம் கூடி, ஞாயிற்றுக்கிழமை குறைந்தால் இதன் பக்கம் சந்தேகப்படுங்கள். ஒரு பக்கம் துடித்து, வெளிச்சம் பிடிக்காமல், சத்தி வருவதுபோல் இருந்தால் அது மைகிரேன். 45ஐத் தாண்டி மாதவிடாய் ஒழுங்கு மாறும் வயதில் மைகிரேன் கூடுவது சாதாரணம், அதற்குத் தனி மருந்து இருக்கிறது.

மற்றது பனடோல். இதை ஒருவரும் உங்களிடம் கேட்கவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். பரசிற்றமோல் போன்ற சாதாரண வலிக் குளிசையை மாதத்தில் 15 நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால், அந்தக் குளிசையே தலையிடியைத் தொடரவைக்கும். கொடெயின் என்ற வலுக்கூடிய வலி மருந்து சேர்ந்த குளிசைக்கு எல்லை 10 நாள்தான். பெட்டியில் என்ன சேர்ந்திருக்கிறது என்று வாசியுங்கள். தடிமனுக்குப் போடும் குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தனிப் பரசிற்றமோல் என்றால் ஒரே நாளில் நிறுத்தலாம். கொடெயின் கலந்தது என்றால் வைத்தியரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு முதல் சில நாட்கள், சிலருக்கு பத்து நாள் வரை, தலையிடி கூடும். இங்கேதான் எல்லோரும் தோற்று, மறுபடி பெட்டியைத் திறக்கிறார்கள். ஆகவே தவணை விடுமுறை தொடங்கும் அன்று ஆரம்பியுங்கள். அதன் பிறகு கிழமைக்கு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். போடும் நாளில் 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, அடுத்ததுக்குக் குறைந்தது நாலு மணித்தியால இடைவெளி, 24 மணித்தியாலத்தில் எட்டுக் குளிசையைத் தாண்டக் கூடாது.

நிறுத்துவதற்கு முன்பே ஒரு கொப்பியில் நாலு கிழமை குறித்துவையுங்கள். தொடங்கிய நேரம், படுத்திருந்தீர்களா நின்றீர்களா, இருமும்போதும் குனியும்போதும் கூடியதா, எந்த இடம், சத்தி, முதல் நாள் எத்தனை மணித்தியாலம் தூங்கினீர்கள், அன்று எத்தனை பாடவேளை, எத்தனை குளிசை. ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். கிளினிக்கில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். "அடிக்கடி தலையிடிக்குது டொக்டர்" என்றால் ஒரு வரிப் பதில்தான் வரும். இந்தத் தாளை நீட்டினால் கேள்வி கேட்பார்கள்.

கட்டியாலோ மூளை நீர் தேங்குவதாலோ வரும் தலையிடிக்கு வேறு முகம் இருக்கிறது. விடியப்புறம் எழுப்பும், படுத்தால் கூடும், இருமினாலும் முக்கினாலும் கூடும், சத்தி வரும், கிழமைக்குக் கிழமை ஏறிக்கொண்டே போகும். குனிந்து எழும்பும்போது பார்வை ஒரு கணம் கறுத்துப்போகும், அல்லது இரட்டையாகத் தெரியும். வலது கன்னமும் உதடும் விறைக்கும். பல் தீட்டும்போது வாயின் வலது ஓரத்தால் தண்ணீர் வழியும், விழுங்கப் புரையேறும், கரும்பலகையில் எழுதும் வலது கை சொல்வழி கேட்காது. இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையிலோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கடும் தலையிடியோடு தூக்கக் கலக்கமும் சேர்ந்தால் அந்த நிமிடமே போக வேண்டும். கட்டி சிறியது என்று சொல்லி வீட்டில் நிற்காதீர்கள். அபூர்வமாக, பெரிதாகாத கட்டியும் மூளை நீரில் புரதத்தைக் கூட்டி அது வடிவதைக் கெடுக்கும். போகும்போது பழைய எம்.ஆர்.ஐ. இறுவட்டுகள் இரண்டையும் எடுத்துப் போங்கள், அறிக்கைத் தாள் மட்டும் போதாது. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கட்டி வளர்ந்ததா என்று சொல்ல முடியும். இரண்டு மில்லிமீற்றருக்குக் குறைந்த வித்தியாசத்தை வளர்ச்சி என்று எடுப்பதில்லை, அளக்கும் கையிலேயே அவ்வளவு பிழை வரும். ஆகவே அடுத்த அறிக்கையில் 12 என்று இருந்தால் பதற வேண்டாம்.

தலைச்சுத்துக் குளிசைக்கு வருவோம். நீங்கள் பெயர் எழுதவில்லை. பொதுவாகத் தருவது புரோகுளோர்பெரசீன் அல்லது சின்னரிசீன். வலது பக்கச் சமநிலை நரம்பு மெல்ல மெல்லச் செத்துப்போக, இடது பக்கத்தையும் கண்ணையும் காலையும் கொண்டு மூளை புதிதாகக் கணக்குப் போடப் பழகும். இந்தக் குளிசைகள் அந்தப் பழக்கத்தை மந்தமாக்கும். கடும் சுற்றுக்குச் சில நாள் போடலாம், மாதக்கணக்கில் போட்டால் மூளை பழகாது. நீண்ட காலம் போட்டவர்களுக்குக் கை நடுக்கமும் நடை மந்தமும் வருவதுண்டு. எழுதித் தந்தவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

குளிசையின் இடத்தில் செய்ய வேண்டியது பயிற்சி. ஒரு அட்டையில் 'அ' என்று எழுதி, கண் மட்டத்தில், கை நீட்டும் தூரத்தில் சுவரில் ஒட்டுங்கள். எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமும் சிறிதாக ஆட்டுங்கள். எழுத்து மங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் கீழே வேகத்தை வையுங்கள். ஒரு நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. முதலில் கதிரையில் இருந்து, பிறகு நின்று, பிறகு மேலும் கீழுமாக. கொஞ்சம் தலை சுற்றத்தான் வேண்டும், சுற்றாவிட்டால் பயிற்சி வேலை செய்யவில்லை. 15, 20 நிமிடத்துக்குப் பிறகும் சுற்றினால் வேகம் கூடிவிட்டது, குறையுங்கள். கழுத்து நோவுள்ளவர் என்பதால் முதல் கிழமை மெதுவாகவே செய்யுங்கள். பிறகு பகல் வெளிச்சத்தில், துணையோடு, கடற்கரை மணலில் நடக்கலாம். மணல் பாதத்தின் உதவியைக் குறைப்பதால் மூளை மற்றக் காதை நம்பப் பழகும்.

இருட்டில் தள்ளாடுவது கட்டி வளர்வதற்கு அடையாளமில்லை. கண்ணின் உதவி போய்விட்டது, அவ்வளவுதான். முற்றத்துக்கு லைட் போடுங்கள், டோர்ச் வெளிச்சத்தைக் காலடிக்குப் பிடியுங்கள். பலர் மறக்கும் இடம் கிணற்றடி. சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து, ஈரச் சீமெந்தில் ஒரு கையால் வாளியைத் தூக்கும்போதுதான் விழுவார்கள். ஒரு முக்காலி போட்டு இருந்து குளியுங்கள். வாவியிலோ கடலிலோ தனியாக இறங்கி முங்க வேண்டாம். கலங்கல் தண்ணீருக்குள் கண்ணும் காலும் உதவாது, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் போகும்.

காது கேட்பது பற்றிச் சுருக்கமாக. ஓய்வறையில் வலப்பக்கம் சுவர் இருக்கும் கதிரையைப் பிடியுங்கள். வகுப்பில் பிள்ளைகள் உங்கள் இடப்பக்கம் விரிந்திருக்கும் மூலையில் நில்லுங்கள், கழுத்துத் திருப்பல் பாதியாகக் குறையும். ஒரு காதால் ஓசை வரும் திசை தெரியாது. கல்முனை வீதியைக் கடக்கும்போது ஹோர்னை நம்பாமல் இரு பக்கமும் கண்ணால் பாருங்கள். இரவில் காதுக்குள் இரைச்சல் கேட்டால் அதை மறைக்க மேசை விசிறிச் சத்தமே போதும். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், இருக்கும் நல்ல காது ஒன்றுதான். எந்தக் காதிலாவது கேட்கும் திறன் திடீரென்று விழுந்தால் அன்றோ அடுத்த நாளோ காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போங்கள். ஸ்ரீரோயிட் மருந்து முதல் இரண்டு கிழமைக்குள்தான் நன்றாக உதவும்.

ஒப்பரேஷன் செய்தால் எல்லாம் தீருமா என்று கேட்டீர்கள். தீராது. போன கேட்கும் திறன் திரும்பாது, காது இரைச்சல் அநேகமாக இருந்துகொண்டே இருக்கும், முக நரம்புக்கு ஆபத்து உண்டு. தலையிடிக்காக என்றால் இன்னும் மோசமான பேரம். காதுக்குப் பின்னால் மண்டையைத் திறந்து செய்யும் முறையில், ஒப்பரேஷனுக்குப் பிறகு மாதக்கணக்கில் தலையிடி நிற்பது நன்கு அறியப்பட்ட சிக்கல். கழுத்துத் தசை மூளைச் சவ்வோடு ஒட்டுவது, பிடரி நரம்பு காயப்படுவது, எலும்புத் தூள் சவ்வை எரிச்சலூட்டுவது என்று காரணங்கள் சொல்கிறார்கள். கதிர்வீச்சை ஒரே நாளில் குவித்துக் கொடுக்கும் சிகிச்சை கட்டியை எடுப்பதில்லை, வளராமல் நிறுத்தப் பார்க்கும். கொடுத்த முதல் வருடத்தில் கட்டி வீங்கிப் பிறகு சுருங்குவதும் உண்டு. இரண்டு படத்திலும் அசையாத கட்டிக்கு, தலையிடியை மட்டும் காரணமாக வைத்து இரண்டில் ஒன்றையும் கேட்டுப் போகாதீர்கள்.

அடுத்த தடவை கிளினிக்கில் இரண்டு கேள்வி கேளுங்கள். அடுத்த எம்.ஆர்.ஐ. எப்போது? வழக்கமாக முதல் சில வருடம் வருடத்துக்கு ஒன்று எடுப்பார்கள். பிசியோதெரபிக்குக் கடிதம் தர முடியுமா? போகும் வழியில் கண் கிளினிக்கில் விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். தலைக்குள் அழுத்தம் கூடினால் பெரும்பாலும் கண் நரம்பின் தலைப்பு வீங்கும். அதைக் கருவியால் பார்ப்பது சில நிமிட வேலை, உங்கள் பயத்துக்கு அதைவிட மலிவான சோதனை இல்லை. கண்ணாடியையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். 47 வயதில் இரவிரவாக விடைத்தாள் திருத்துபவருக்கு நெற்றி வலிக்க அதுவும் போதும்.