சங்கத்தில் குறை சொன்னால் பக்தி குறைந்துவிடுமா?

வள்ளலார் வழியில் நடக்கும் ஈரோடு பக்கத்துச் சன்மார்க்க சங்கத்தில் அன்னதானச் செலவைப் பற்றிக் கேட்டவரை "உனக்கு நம்பிக்கை இல்லை" என்று அடக்கிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வள்ளலாருக்கே ஒவ்வாத பதில்.

1873 அக்டோபரில் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடியேற்றிப் பேசியபோது, சைவத்தின் மீது தாம் முன்பு வைத்திருந்த அளவற்ற பற்று போய்விட்டதை அன்பர்கள் முன்னிலையில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். தம் பழைய நிலையையே எடைபோட்டு விலக்கிய ஒருவரைப் பின்பற்றுகிறவர்கள் ஒரு கேள்விக்கு அஞ்சலாமா?

கொங்கு நாட்டில் சிக்கல் வேறு வகையானது. சின்னப் பிள்ளைகளைக்கூட "வாங்க, போங்க" என்று அழைக்கும் ஊர் இது. அந்த அருமையான மரியாதையே, பெரியவர் எதிரில் வாய்திறக்கக் கூடாது என்ற கட்டாயமாகிவிடுகிறது.

ஆகவே மாதந்தோறும் பூச நட்சத்திரத்தன்று கூடும் கூட்டத்தில் வழிபாடு முடிந்ததும் கருத்துச் சொல்ல நேரம் ஒதுக்குங்கள். இளையவர்களும் பெண்களும் முதலில் பேசட்டும். பெரியவர் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். குறை செயலைப் பற்றியதாக இருக்கட்டும், ஆளைப் பற்றியதாக அல்ல. பணக் கணக்கை மட்டும் யாரும் கேட்கும் முன்பே சுவரில் ஒட்டிவிடுங்கள். எழுந்த கேள்விக்கு அடுத்த பூசத்துக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மறுமுறை எவரும் கேட்க மாட்டார்கள்.