காக்கி போடாமல் காவல்துறையில் மேலே வர முடியுமா?

வணக்கம் அம்மா.

உங்கள் மகளைப் பற்றி எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தேன். பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம், சின்ன வயதிலிருந்தே போலீஸ் ஆசை, உயரம் 153 சென்டிமீட்டர். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் எஸ்.ஐ. தேர்வில் பெண்களுக்கு 159 சென்டிமீட்டர் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிரிவினருக்கு 157. இரண்டுமே அவளுக்கு எட்டாது. "பணம் கொடுத்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எஸ்.ஐ. ஆக முடியாத உயரம், ஐ.பி.எஸ். ஆகப் போதும். அங்கே பெண்களுக்கான குறைந்தபட்சம் 150 சென்டிமீட்டர்தான். ஆகவே சீருடைக் கதவு முழுசாக மூடிவிட்டது என்று அவள் அழ வேண்டியதில்லை. ஆனால் யு.பி.எஸ்.சி. தேர்வை மட்டும் நம்பி நாலைந்து வருடம் உட்காருவது எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. நீங்கள் கேட்டதும் வேறு: "சீருடை இல்லாமல் உள்ளே போனால் கடைசிவரை கிளார்க்காகவே இருந்துவிடுவாளோ?"

இந்தப் பயம் நியாயமானது. பதில், அவள் எந்த வாசல் வழியாகப் போகிறாள் என்பதில் இருக்கிறது.

ஒரு வாசல், அமைச்சுப் பணி, அதாவது அலுவலக நிர்வாக வேலை. கமிஷனர் அலுவலகம், எஸ்.பி. அலுவலகம், டி.ஜி.பி. அலுவலகம் எல்லாவற்றிலும் சீருடை அணியாத அரசு ஊழியர்கள் இருக்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகச் சேரலாம். சம்பள விகிதம் ரூ. 19,500-71,900. ஸ்டேஷனில் பார்க்கும் ரைட்டர் இவர்களில் சேர மாட்டார், அவர் சீருடைக்காரர். அமைச்சுப் பணியாளரின் இடம் அலுவலகம். சம்பளப் பட்டியல், ஓய்வூதியம், பதவி உயர்வுப் பட்டியல், பணியில் இறந்தவர் குடும்பத்துக்கான கருணை வேலை, தண்டனைக் கோப்பு எல்லாம் இவர்கள் மேஜை வழியாகத்தான் நகரும். ஒரு காவலர் மீது 1955ஆம் ஆண்டின் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின்படி 3(பி) குற்றச்சாட்டு, அதாவது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு வந்தால், முடிவெடுப்பவர் எஸ்.பி.தான். அந்தக் கோப்பு விதிப்படி நகர்கிறதா, விளக்கம் கேட்டார்களா, முந்தைய உத்தரவுகள் என்ன என்று எடுத்து வைப்பவர் ஒரு சிவிலியன். எஸ்.பி.க்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அந்த அலுவலகத்தின் ஞாபகம் அமைச்சுப் பணியில் இருக்கும் அலுவலகக் கண்காணிப்பாளரிடமும் நிர்வாக அலுவலரிடமும்தான் தங்கும். அதுவும் ஒரு தலைமைதான், நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து நிர்வாக அலுவலர் ஆவதற்குள் பணிக்காலத்தின் பெரும்பகுதி போய்விடும். அப்போதும் குற்ற விசாரணையில் அவளுக்குப் பங்கு இருக்காது. இரண்டையும் தெரிந்துகொண்டு போகட்டும்.

குரூப் 2 தேர்வில் இன்னொரு பதவி உண்டு, தனிப்பிரிவு உதவியாளர். சென்னைப் பெருநகரக் காவல் ஆணையர் அலுவலக நுண்ணறிவுப் பிரிவிலும், தனிப்பிரிவு சி.ஐ.டி.யிலும் இந்த இடங்கள் வரும். பட்டதாரியாக நேரே உதவியாளர் நிலையில் நுழையலாம் என்பதால், குரூப் 4ஐ விட ஒரு படி மேலே தொடங்குகிறாள்.

ஆனால் உங்கள் மகள் வேதியியல் படிக்கிறாள் அம்மா. அதனால் என் மனசு தடய அறிவியல் துறை பக்கமே போகிறது.

சென்னை மாகாணத்தில் 1849லேயே வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கிவிட்டார்கள். விஷம் கொடுத்துக் கொன்றார்களா என்று கண்டுபிடிக்கும் வேலை. இன்றைக்குத் தமிழ்நாடு தடய அறிவியல் துறை மயிலாப்பூர் காமராஜர் சாலையில் தலைமையிடத்தோடும், கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் வட்டார ஆய்வகங்களோடும் இயங்குகிறது. இது காவல்துறைக்குள் இருக்கும் பிரிவு இல்லை. உள்துறையின் கீழ் தனித் துறை. எனக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான். சோதனைக்கான பொருட்கள் பொதுவாக நீதிமன்றம் வழியாக ஆய்வகத்துக்கு வரும். "ரிப்போர்ட்டை இப்படி எழுதுங்கள்" என்று சொல்லும் அதிகாரம் எந்த இன்ஸ்பெக்டருக்கும் கிடையாது.

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தி கொலையில் சிதறிக் கிடந்த துணுக்குகளை வைத்து, வெடிகுண்டு ஒரு பெண்ணின் உடலில் பெல்ட் போலக் கட்டப்பட்டிருந்தது என்று நிறுவியது இந்தத் துறையின் அப்போதைய இயக்குநர் பி. சந்திரசேகரன் தலைமையிலான குழு. அவர் விஞ்ஞானி, காக்கி போட்டவர் இல்லை. பிற்பாடு பத்ம பூஷண் பெற்றார். சிவிலியன் தலைமை என்றால் என்ன என்று உங்கள் மகள் கேட்டால் இவரைச் சொல்லுங்கள்.

இனி இந்தத் துறைக்கு வேலை இன்னும் அதிகமாகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 176(3)இல், ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்து ஆண்டு அவகாசம். நிபுணர் இல்லாமல் இது நடக்காது.

கஷ்டத்தையும் சொல்லிவிட வேண்டும். அழுகிய உள்ளுறுப்பு ஜாடியில் வரும். நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறினால் எதிர்த்தரப்பு வக்கீல் துருவித் துருவிக் கேட்பார். காலியிட அறிவிப்பு வருடா வருடம் வரும் என்ற உறுதியும் இல்லை. சம்பவ இடத்தில் "இதைத் தொடாதீர்கள்" என்று தன்னைவிட இரண்டு மடங்கு வயதான அதிகாரியிடம் சொல்லும் தைரியமும் வேண்டும். இது அவளுக்கு ஒத்துவருமா என்று அவளிடமே கேளுங்கள், நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

ஒத்துவரும் என்றால் எம்.எஸ்சி. வேதியியல் சேரட்டும். இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. "தடயவியல்" என்று பெயர் போட்டு லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் கல்லூரிகளைப் பார்த்து மயங்க வேண்டாம். முந்தைய அறிவிக்கையில் கல்வித்தகுதிப் பகுதியை அவளையே வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள்; அந்தப் பட்டம் அங்கே இல்லையென்றால் பணமும் இரண்டு வருடமும் வீண். தடயவியலையே முதன்மையாகப் படிக்க விரும்பினால் காந்திநகரில் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் வேதியியல் பட்டம் கையில் இருந்தால் மருந்து நிறுவனம், ஆசிரியர் பணி என்று மாற்று வழியும் திறந்திருக்கும். உங்கள் குடும்பச் சூழ்நிலைக்கு இதுவே பாதுகாப்பு.

ஒன்றை மறைக்க மாட்டேன். டி.ஜி.பி. நாற்காலியில் ஐ.பி.எஸ். அதிகாரிதான் உட்காருவார். எந்த அமைச்சுப் பணியாளரும், எந்த விஞ்ஞானியும் அங்கே போக முடியாது. ஆனால் டி.ஜி.பி.யே கோப்பு அனுப்பும் உள்துறைச் செயலாளர் ஒரு சிவிலியன், ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஐ.ஏ.எஸ்ஸுக்கு உயர வரம்பே கிடையாது. எம்.எஸ்சி. படிக்கும்போதே அவள் குடிமைப்பணித் தேர்வை எழுதிப் பார்க்கலாம், ஐ.பி.எஸ்., ஐ.ஏ.எஸ். இரண்டையும் விருப்பப் பட்டியலில் வைத்து.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். டி.என்.பி.எஸ்.சி. இணையதளத்தில் ஒருமுறைப் பதிவை முடித்துவிடுங்கள். எம்.எஸ்சி. விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்று கல்லூரியில் கேட்டு வையுங்கள். குரூப் 4 வந்தால் எழுதட்டும். கிடைத்தால் வேலையில் சேர்ந்துகொண்டே மேல்படிப்பைத் தொலைநிலையில் படிக்கலாமே என்று உறவினர்கள் சொல்வார்கள். ஆய்வகப் பாடத்துக்கு அது சரிவராது. அந்த ஒரு இடத்தில் மட்டும் நீங்கள் அவள் பக்கம் உறுதியாக நில்லுங்கள் அம்மா.