‘செமான்டிக் எரர்’ கொரியத் தொடரைப் பார்க்கலாமா? அதன் நிறை குறைகள் என்ன?

கொரியத் தொடர் என்றாலே 16 எபிசோடு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்று பார்த்துப் பழகியவர் நீங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். யாரோ “ஆண்-ஆண் காதல் தொடர்களில் இதை முதலில் பார்” என்று சொல்லியிருப்பார்கள். முதல் இரண்டு எபிசோடு பார்த்ததும், “ஒருத்தன் இன்னொருத்தனைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறான், இதில் காதல் எங்கே?” என்று தோன்றியிருக்கும். சந்தேகம் நியாயமானதுதான். ஆனாலும் பார்க்கலாம் என்பதே என் பதில். கதையை ஓரளவு சொல்லித்தான் விளக்க முடியும், முடிவைச் சொல்லமாட்டேன்.

2022 பிப்ரவரி 16 முதல் மார்ச் 10 வரை வாட்சா என்ற கொரிய ஓடிடி தளத்தில் வாரத்துக்கு இரண்டு எபிசோடாக வந்த தொடர் இது. மொத்தம் 8 எபிசோடு. ஒரே மூச்சில் பார்த்தால் சுமார் மூன்று மணி நேரம். மூலக்கதை ஒரு வலைநாவல், அதுவும் வயது வந்தோருக்கானது. இயக்கியவர் கிம் சூஜங். சாங்வூவாக டிகேஇசட் என்ற கொரியப் பாப் குழுவின் பாடகராக அறியப்பட்ட பார்க் ஜேசானும், ஜேயோங்காக முன்பு கேஎன்கே குழுவில் இருந்த பார்க் சோஹாமும் நடித்திருக்கிறார்கள். கடைசி எபிசோடு வந்த அதே நாளில் சோஹாம் ராணுவச் சேவைக்குப் போய்விட்டார். தொடர் உச்சத்தில் இருந்தபோது அவர் வெளியில் தென்படாமல் போனதற்கு அதுதான் காரணம், வேறு ஊகங்களை நம்பவேண்டாம்.

இதன் பெரிய பலம் சண்டை தொடங்கும் இடம். சாங்வூ கணினி அறிவியல் மாணவன். ஒரு பாடத்துக்குக் குழுவாகச் செய்யவேண்டிய வேலையை மற்றவர்கள் செய்யாமல் விட, தானே முடித்து, வேலை செய்யாதவர்களின் பெயர்களை நீக்கிவிட்டு வகுப்பில் சமர்ப்பிக்கிறான். அப்படி நீங்கிய பெயர்களில் ஒன்று வடிவமைப்புத் துறைச் சீனியர் ஜேயோங்குடையது. அந்த ஒரு பாடத்தால் அவன் பட்டமளிப்பு நின்றுபோகிறது, வெளிநாடு போகும் திட்டமும் கெடுகிறது. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது பாருங்கள். உழைக்காதவனுக்கு மதிப்பெண் கிடையாது என்பதில் சாங்வூ பேச்சுக்கே இடம் தருவதில்லை. தவறு செய்தது உண்மைதான், ஆனால் தண்டனை அளவுக்கு மீறியது என்று ஜேயோங் கொதிக்கிறான். பெரும்பாலான காதல் தொடர்களில் முதல் மோதல் என்பது மோதி விழுவது, காபியைக் கொட்டுவது என்று தற்செயலாக நடக்கும். இங்கே இரண்டு பேரின் குணமே மோதலை உண்டாக்குகிறது. அதனால்தான் பின்னால் காதல் வரும்போதும் அந்தக் குணங்கள் காணாமல் போவதில்லை. காதலையும் சாங்வூ முதலில் சரிசெய்யவேண்டிய பிழையாகத்தான் பார்க்கிறான். தலைப்பின் பொருளும் அதுவே. கணினி நிரலின் இலக்கணம் சரியாக இருக்கும், ஆனால் சொல்லவந்த பொருள் தப்பாகிவிடும். அப்படிப்பட்ட பிழை.

அடுத்த பலம், குணத்தை வசனமாகச் சொல்லாமல் பழக்கமாகக் காட்டுவது. சாங்வூவுக்கு ஒரே இருக்கை, ஒரே தொப்பி, இயந்திரத்தில் ஒரே காபி. சிவப்பு என்றால் ஆகாது. ஜேயோங் பழிவாங்குவது முழுக்க இந்தப் பட்டியலை வைத்துத்தான். அடித்துத் திட்டுவதற்குப் பதில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு அவன் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறான். சாங்வூ காபி எடுக்கப் போனால் இயந்திரத்தில் காபி இல்லை, எல்லாவற்றையும் ஜேயோங் ஏற்கெனவே எடுத்துவிட்டான். ஒருவனை இந்த அளவுக்கு வெறுப்பேற்ற, அவனை அவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கவேண்டும். ஜேயோங் தன்னை அறியாமலே சாங்வூவின் ஒவ்வொரு அசைவையும் மனப்பாடம் செய்துவிடுகிறான். காதலுக்கான அடித்தளம் பகையின் பெயரிலேயே போடப்பட்டுவிடுகிறது. பின்னால் அந்தத் தொல்லை நின்றதும் சாங்வூவுக்கு நாள் வெறுமையாகத் தெரிவதை நாம் நம்புவதற்கு இந்தக் கட்டுமானம்தான் காரணம்.

சாங்வூ உருவாக்கும் கைபேசி விளையாட்டுக்கு ஓவியம் வரைய ஆள் தேவைப்படுகிறது. தேடிப்போனால் அவனுக்குப் பிடித்த வேலையைச் செய்தவன் ஜேயோங். இங்கிருந்து தொடரின் நடு எபிசோடுகள் எனக்கு மிகப் பிடித்தவை. நேரம் தவறாதே, சொன்ன தேதியில் கொடு என்று ஒருவன் நிற்க, இன்னொருவன் கடைசி நிமிடத்தில் கொடுத்தாலும் மறுக்கமுடியாத அளவுக்கு அழகாகக் கொடுக்கிறான். அடுத்தவன் தொழிலில் கெட்டிக்காரன் என்ற மதிப்புத்தான் முதலில் வருகிறது, ஈர்ப்பு அதற்குப் பிறகு. ‘எதிரிகள் காதலர்களாவது’ என்ற கதை வகை பெரும்பாலும் தோற்பது இந்த இடைப்படியைத் தாண்டிக் குதிப்பதால்தான். இதில் குதிக்கவில்லை.

நடிப்பில் ஜேசானுக்கே கூடுதல் மதிப்பெண். முகத்தில் எதுவும் காட்டாத பாத்திரத்தை நடிப்பது லேசு அல்ல, கொஞ்சம் தவறினால் மரக்கட்டையாகிவிடும். அவர் கண்களையும் மூச்சையும் வைத்தே சமாளிக்கிறார். ஜேயோங் ரொம்ப நெருங்கி வரும்போது உடம்பு விறைக்கும், பதில் மட்டும் வழக்கமான வேகத்தில் வரும். அந்தப் பதில் எந்தக் காட்சியிலிருந்து அரை நொடி தாமதமாகத் தொடங்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். சோஹாமின் ஜேயோங் முதலில் வெறும் ஸ்டைலாகத் தெரிவான். அவன் சிரிப்பு நிற்கும் இடங்களில்தான் நடிப்பு தெரிகிறது.

ஜிஹ்யே என்ற ஜூனியர் பெண்ணுக்கு சாங்வூ மேல் விருப்பம். இந்த வகைத் தொடர்களில் அப்படிப்பட்ட பெண் வில்லியாவாள், இல்லையென்றால் கோமாளியாவாள். இவளை அந்த இரண்டில் எதுவாகவும் ஆக்கவில்லை, மரியாதையோடு நடத்தியிருக்கிறார்கள். இதைச் சின்ன விஷயம் என்று சொல்பவர்கள் இந்த வகையில் வேறு நான்கு தொடர் பார்த்துவிட்டு வந்து பேசலாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். முழுக்கதையையும் பத்து நிமிடத்தில் சொல்லும் காணொளிகளைப் பார்த்துவிட்டு “ஒன்றும் இல்லாத கதை” என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கடும் கோபம் உண்டு. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பவர்களும் அப்படித்தான். மௌனத்தில் நிற்கும் ஒரு தொடரில் மௌனத்தை வெட்டிவிட்டால் என்ன மிஞ்சும்? முத்தக் காட்சியை மட்டும் நறுக்கிப் போட்டு, கீழே ஆபாசமாகக் கருத்து எழுதும் கூட்டம் இன்னொரு பக்கம். தொடரைப் பிடிக்கவில்லை என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு, ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லவேண்டும்.

குறைகளுக்கு வருகிறேன். ரசிகர்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

ஜேயோங் ஆரம்பத்தில் செய்வதற்கு நேரடிப் பெயர் துன்புறுத்தல். ஒருவன் போகும் இடமெல்லாம் பின்தொடர்வதும், வேண்டாம் என்ற பிறகும் நெருங்குவதும் நிஜத்தில் புகார் கொடுக்கவேண்டிய விஷயம். அதைத் தொடர் துள்ளல் இசை போட்டுக் குறும்பாக்குகிறது. ஜேயோங் பிறகு மாறுகிறான், மறுக்கவில்லை. ஆனால் செய்ததன் கனத்தைப் பற்றி இருவரும் உட்கார்ந்து ஒழுங்காகப் பேசும் காட்சி எனக்குப் போதவில்லை. “காதல் கற்பனைக்கு இவ்வளவு கணக்கா?” என்று கேட்பீர்கள். கதாநாயகியின் பின்னால் சுற்றும் கதாநாயகனைக் கண்டிக்கும் நாம், இரண்டும் ஆண் என்பதால் மட்டும் விட்டுவிட முடியாது.

சாங்வூவின் ஒழுங்கைத் தொடர் கையாளும் விதமும் உறுத்துகிறது. ஒரே மாதிரி நாள், சத்தமும் மாற்றமும் ஆகாத மனம், பூசி மெழுகாத பேச்சு ஆகியவற்றைப் பார்த்துப் பலர் அவனை ஆட்டிசம் உள்ளவனாகப் புரிந்துகொள்கிறார்கள். தொடர் அப்படி எதையும் சொல்லவில்லை, நானும் முத்திரை குத்தவில்லை. ஆனால் அந்தப் பழக்கங்கள் காதல் வந்ததும் தளரவேண்டிய முடிச்சுகள் என்பதுபோலக் கதை நகர்கிறது. அவன் அப்படியே இருந்துகொண்டும் காதலிக்கலாம் என்பதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது, இந்தக் கல்லூரிக்கு வெளியே கொரியா என்று ஒரு நாடு இருப்பதாகவே தெரியாது. யாரும் முகம் சுளிப்பதில்லை. “வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும்?” என்ற பயம் கதையை நகர்த்துவதே இல்லை. உண்மை நிலவரம் வேறு. அங்கே ஒரே பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை. பாகுபாடு தடுப்புச் சட்டம் 2007-இல் தொடங்கிய முயற்சி, இன்னும் நிறைவேறவில்லை. இவர்கள் வயது ஆண்கள் கட்டாயம் போகவேண்டிய ராணுவத்தில் ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டிக்கும் சட்டப்பிரிவு இருக்கிறது. 2021 சந்திரப் புத்தாண்டு விடுமுறையில் ‘பொஹீமியன் ராப்சடி’ படத்தை ஒளிபரப்பிய எஸ்பிஎஸ் தொலைக்காட்சி, ஆண்கள் முத்தமிடும் காட்சிகளை வெட்டியது. தன்பாலீர்ப்பாளரின் துணைக்கு உடல்நலக் காப்பீட்டில் சார்ந்திருப்போர் தகுதி உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2024 ஜூலையில்தான். இதையெல்லாம் தொடரில் திணித்திருக்கவேண்டும் என்று கேட்கவில்லை. பயமில்லாத ஓர் உலகத்தைக் காட்டுவதும் ஒரு தேவைதான், அதைப் பார்த்து ஆறுதல் அடைந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இதை வைத்து “கொரியாவில் இதெல்லாம் சகஜம்” என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கடைசியாக, நீளம். இந்த வகைத் தொடர்கள் பெரிய தொலைக்காட்சியில் இடம் கிடைக்காமல் இணையத்தில் சிறிய செலவில் எடுக்கப்படுவதால் எபிசோடுகள் குட்டையாகவும் இடங்கள் சிலவாகவும் இருக்கும். முதல் பாதிக்கு அந்தச் சுருக்கம் நன்மை, ஒரு காட்சிகூட வீணில்லை. கடைசி இரண்டு எபிசோடில் அதுவே இடிக்கிறது. பிரிவு, ஏக்கம், சேர்தல் எல்லாம் அவசரமாக வந்து போகின்றன. நண்பர்கள் பாத்திரங்கள் ஆலோசனை சொல்ல மட்டுமே வருகிறார்கள், விளையாட்டு என்ன ஆனது என்ற ஆவலும் பின்னுக்குப் போய்விடுகிறது.

எப்படிப் பார்ப்பது? முதல் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், முதலோடு நிறுத்தினால் ஜேயோங் மேல் எரிச்சல் மட்டும் மிஞ்சும். நான்காவது முடிந்தும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம், அதற்குமேல் தொடர் தன் குணத்தை மாற்றிக்கொள்ளப்போவதில்லை. எபிசோடுகளைத் தொகுத்து 2022 ஆகஸ்டில் திரையரங்கில் ஒரு திரைப்பட வடிவமும் வெளியிட்டார்கள். முதல் முறை அதைத் தவிர்த்துத் தொடராகவே பாருங்கள். எபிசோடு முடியும் இடங்கள் யோசித்து வைக்கப்பட்டவை.

சமூக எதார்த்தம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் இதில் தொடங்காதீர்கள். பார்க் சாங்யோங்கின் நாவலிலிருந்து 2024-இல் டிவிங் தளத்துக்காக எடுத்த ‘லவ் இன் த பிக் சிட்டி’ தொடரைப் பாருங்கள். நம் சாங்வூவைவிட வயதான, தன்னை மறைக்காத, அதற்கு விலையும் கொடுக்கிற ஒருவனின் கதை அது. மனச்சோர்வும் ஆலோசகர் அறையும் வரும் கதை வேண்டுமென்றால் 2023-இல் வந்த ‘த எய்த் சென்ஸ்’, 10 எபிசோடு. அதன் படத்தொகுப்பு சில இடங்களில் குழப்பும், முதல் எபிசோடில் பொறுமை வேண்டும்.