ட்ராயிங்கில் இல்லாதது – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. என் அப்பாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. 1969-இல் மனிதன் நிலவில் இறங்கிய செய்தியை வானொலியில் கேட்டதைப் பற்றி, நான் சிறுவனாக இருந்தபோது பலமுறை சொல்லியிருக்கிறார். போன மாதம் நண்பர் ஒருவர் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது. கொடி அசைகிறது, வானத்தில் ஒரு நட்சத்திரம் கூட இல்லை, பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையத்தைத் தாண்டி உயிரோடு போயிருக்க முடியாது என்று வரிசையாகக் காட்டுகிறார்கள். எனக்குச் சரியாகவே பட்டது. அப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விட்டார். அப்புறம் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

உண்மையில் என்னை உறுத்துவது ஒரே ஒரு கேள்விதான். இன்றைய கைபேசியோடு ஒப்பிடவே முடியாத கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆறு முறை இறங்கி வந்தவர்கள், இப்போது இத்தனை வசதியோடு ஏன் திணறுகிறார்கள்? அமெரிக்கா தேதியைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. சீனா 2030-க்குள் என்கிறது. இந்தியா 2040 என்கிறது. இவர்களில் யாராவது இறங்கிக் காட்டிய பிறகுதான் பழையதை நம்ப முடியும் என்று நினைக்கிறேன். கேள்வி கேட்பது தப்பா?

கே.

அன்புள்ள கே.,

நிலவுக்குப் போனார்களா இல்லையா என்று வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதம் வந்த வாரம் முழுக்க ஒரு விண்கலத்தின் வெப்பக் கவசத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன், கூடவே என் மாமாவின் நினைப்பாகவே இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த வீடியோவை முடித்துவிடுவோம். கொடியின் மேல் விளிம்பில் குறுக்குக் கம்பி உண்டு. கம்பத்தை முறுக்கி முறுக்கி நட்டார்கள், அதனால் ஆடியது, காற்று இல்லாததால் ஆட்டம் அடங்க நேரமானது. வெயிலில் பளீரென்று கிடக்கும் தரையைப் படமெடுக்க கேமராவைச் சரிசெய்தால் மங்கலான நட்சத்திரம் பதியாது. நட்சத்திரத்தைப் பிடிக்கவென்றே ஜார்ஜ் கருதர்ஸ் வடிவமைத்த புற ஊதாக் கேமரா, நிலவுக்கு ஆள் அனுப்பிய அப்போலோ திட்டத்தின் அப்போலோ 16-இல் போனது, நிலவின் தரையில் நின்று நட்சத்திரங்களைப் படமெடுத்தது. வீடியோக்காரர் அதைச் சொன்னாரா? கதிர்வீச்சு வளையத்தின் அடர்ந்த பகுதியை ஒதுக்கி, மிச்சத்தைச் சில மணி நேரத்தில் கடந்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

கே., இதையெல்லாம் தேடிப் படிக்க அரை மணி நேரம் போதும். ஒன்றரை மணி நேரம் வீடியோ பார்த்த உங்களுக்கு அந்த அரை மணி நேரம் கிடைக்கவில்லை. கேள்வி கேட்பது தப்பா என்கிறீர்கள். நீங்கள் எங்கே கேட்டீர்கள்? யாரோ ஒருவன் கேட்டதை அப்படியே எடுத்துப்போய் எண்பது வயதுக்காரர் முன்னால் வைத்தீர்கள். கேட்டவனாக இருந்தால் பதிலைத் தேடி அலைந்திருப்பீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கப் போவதில்லை.

ரஷ்யர்கள் பற்றி ஒரு வார்த்தை. ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இருந்த அதே நாளில் சோவியத்தின் லூனா 15 நிலவில் மோதி நொறுங்கியது. கல்லும் மண்ணும் அள்ளிவர அனுப்பிய ஆளில்லாக் கலம் அது. இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் தொலைநோக்கி இரண்டு கலங்களின் ஒலிபரப்பையும் கேட்டுக்கொண்டிருந்தது. பந்தயத்தில் தோற்றுக்கொண்டிருந்த நாடு, ஜெயித்தவன் ஏமாற்றுகிறான் என்று தெரிந்திருந்தால் சும்மா விட்டிருக்குமா? அப்புறம், அப்போலோ இறங்கிய இடங்களை அமெரிக்கச் சுற்றுக்கலம் மட்டும் படமெடுக்கவில்லை, நம் சந்திரயான் 2 சுற்றுக்கலமும் எடுத்திருக்கிறது. இதற்கு மேல் இதில் நேரம் செலவிட வேண்டாம்.

உங்கள் நிஜமான கேள்விக்கு வருகிறேன். அன்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை?

1911 டிசம்பரில் அமுண்ட்சென் தென் துருவத்தை அடைந்தார், 1912 ஜனவரியில் ஸ்காட். அதற்கடுத்து ஒரு மனிதன் அங்கே கால் வைத்தது 1956 அக்டோபரில், அதுவும் விமானத்தில் போய். நடுவில் 44 வருடம். கடலின் மிக ஆழமான இடத்துக்கு 1960 ஜனவரியில் பிக்காரும் வால்ஷும் இறங்கினார்கள். அடுத்த மனிதன் இறங்கியது 2012-இல். 52 வருடம். கான்கார்ட் விமானம் 2003-இல் நின்றது. ஒலியை விட வேகமாகப் பயணிகளைச் சுமந்த விமானம் கண்ணெதிரே பறந்து முடிந்தது, அப்புறம் ஆண்டுக்கணக்கில் அதன் இடத்துக்கு இன்னொன்று வரவில்லை. அதனால் கான்கார்டே பொய் என்பீர்களா? பணமும் அவசரமும் தீர்ந்ததும் மனிதர்கள் நிறுத்திவிடுவார்கள். அப்போலோவுக்கு நடந்ததும் அதுதான். சுமார் 4 லட்சம் பேர் வேலை செய்த திட்டம். 18, 19, 20 என்று மூன்று பயணங்களை 1970-லேயே ரத்து செய்தார்கள். 1972 டிசம்பரோடு முடிந்தது. அவர்களை நிலவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட்டுகளில் பறக்காமல் மிஞ்சியவை படுக்கவைத்த நிலையில் காட்சிப்பொருளாகிவிட்டன.

சரி, நிறுத்தியவர்கள் மறுபடி ஆரம்பிக்கலாமே, வரைபடம் இருக்கிறதே, என்று அடுத்துக் கேட்பீர்கள். இங்கேதான் மாமா வருகிறார்.

மாமா வெல்டர். பாய்லரும் அழுத்தக் கலன்களும் செய்யும் பட்டறையில் முப்பத்தி நாலு வருடம் இருந்தார். ஓய்வுபெற்று ஏழெட்டு வருடம் கழித்து ஒருநாள் அந்தப் பட்டறையிலிருந்து வண்டி வந்தது. அவர் காலத்தில் செய்த அதே கலனை மறுபடி செய்யச் சொல்லி ஆர்டர், ட்ராயிங் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, அதே தடிமன் தகடு, அதே வெல்டிங் ராடு, ஆனால் பற்றவைத்த இடம் மறுநாள் காலையில் வெடிப்பு விட்டிருக்கிறது. இரண்டு முறை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி செய்தும் அதே வெடிப்பு. அப்போது கல்லூரி விடுமுறை, துணைக்கு நானும் போனேன். மாமாவுக்கு ஒரு கண்ணில் புரை. வெடித்த இடத்தை அவர் பார்க்கக் கூட இல்லை, விரல் நகத்தை வைத்து மெதுவாக ஓட்டினார். நிமிர்ந்து, "ராடு காஞ்சுதா?" என்றார்.

ராடை அடுப்பில் வைத்துச் சூடாக்கித்தான் எடுத்தோம் என்றார்கள். எவ்வளவு நேரம் என்றார். சொன்னார்கள். "மழ பெய்யுதுல்ல, இன்னும் ஒரு மணி நேரம் கூட வைக்கணும். ராடுல ஈரம் இருந்துச்சுன்னா வாயுவா உள்ள மாட்டிக்கும். மாட்டுனது ராத்திரி முழுக்க வெளிய போக வழி பாக்கும்" என்றார். அப்புறம் இன்னொன்று: வேலை முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது, சூடு மெல்ல மெல்ல இறங்குகிற மாதிரி கனமான துணி போட்டு மூடிவைக்க வேண்டும். இதெல்லாம் ட்ராயிங்கில் இல்லையே என்று ஒரு இளம் இன்ஜினியர் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே திகைத்துப்போய்க் கேட்டார். மாமா சொன்னார்: "எழுதுன்னு யாரும் சொல்லலயே தம்பி. நாங்க நாலு பேர் இருந்தோம், நாலு பேருக்கும் தெரியும்."

அந்த நாலு பேரில் அன்றைக்கு உயிரோடு இருந்தவர் மாமா ஒருவர்தான்.

கே., இப்போது அந்த வெப்பக் கவசத்தைப் பாருங்கள். நிலவிலிருந்து திரும்பும் கலம் நொடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்தில் நுழைகிறது. அடிப்பாகத்தில் ஒரு பூச்சு, அவ்கோட் என்று பெயர், அது கருகித் தேய்ந்து உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற வேண்டும். அப்போலோவில் தேன்கூடு போன்ற சட்டத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணறைகளை ஒவ்வொன்றாகக் கையால் நிரப்பினார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், குறை தெரிந்த அறையைத் தோண்டி எடுத்துவிட்டு மறுபடி நிரப்பினார்கள். 2014-இல், நிலவுக்கு மறுபடி ஆள் அனுப்பச் செய்த ஓரையன் கலத்தின் முதல் சோதனைப் பயணத்துக்கும் அப்படியே செய்தார்கள். அப்புறம், இது பெரிய வேலை என்று முறையை மாற்றி, கட்டி கட்டியாக வார்த்து ஒட்டினார்கள். 2022 நவம்பரில் அந்தக் கலம் நாசாவின் புது நிலவுத் திட்டமான ஆர்ட்டெமிஸின் முதல் பயணமாக, ஆர்ட்டெமிஸ் 1 என்ற பெயரில் ஆளில்லாமல் கிளம்பி, நிலவைச் சுற்றிவிட்டு டிசம்பரில் கடலில் இறங்கியது. கவசத்தைப் பார்த்தால் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கரி பெயர்ந்து போயிருக்கிறது. ஆள் இருந்திருந்தாலும் பத்திரமாக வந்திருப்பார்கள் என்றுதான் நாசா சொன்னது, ஆனால் இப்படி ஆகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. காரணம் கண்டுபிடித்து அறிவிக்க 2024 டிசம்பர் ஆகிவிட்டது. என்ன காரணம் தெரியுமா? பூச்சுக்குள் உண்டான வாயு வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டது. அழுத்தம் ஏறி வெடிப்பு விட்டது.

அந்த வரியைப் படித்தபோது எனக்கு மாமாவின் விரல் நகம்தான் ஞாபகம் வந்தது. அன்றிரவு தூக்கமில்லை. பொருள் அதே பொருள், பெயர் கூட அதே பெயர். செய்யும் விதம் மாறியது, போகும் பாதை மாறியது, பழைய பூச்சு பழைய விதத்தில் செய்யப்பட்டதால் தானாகக் கிடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கைநழுவிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. சாட்டர்ன் 5-இன் அடியில் எஃப் 1 என்ற எஞ்சின்கள் ஐந்து இருந்தன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 680 டன் உந்துவிசை கொடுக்கும். எரியறைக்குள் தீ சீராக எரியாமல் துடித்து எஞ்சினையே உடைத்துக்கொண்டிருந்ததால், ஓடும் எஞ்சினுக்குள் சிறு குண்டை வெடிக்கவைத்து, துடிப்பு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று பார்த்துப் பார்த்து, தடுப்புகளை மாற்றி மாற்றி வைத்துச் சரிசெய்தார்கள். பின்னாளில் நாசாவின் மார்ஷல் மையத்தில் சில இளம் இன்ஜினியர்கள் பழைய எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார்கள். வரைபடங்கள் தொலைந்துவிட்டன என்று உங்கள் வீடியோக்காரர்கள் சொல்வார்கள், தொலையவில்லை, இருந்தன. ஆனால் எஞ்சின் வரைபடத்தின்படி இல்லை! வெல்டர்கள் ஒவ்வொரு எஞ்சினிலும் தங்கள் கைப்பக்குவத்துக்குச் செய்திருந்த சின்னச் சின்ன மாற்றங்கள் எந்தத் தாளிலும் ஏறவில்லை. கடைசியில் பாகம் பாகமாக ஒளியால் ஸ்கேன் செய்து, பொருளைப் பார்த்துப் புது வரைபடம் போட்டு, 2013 ஜனவரியில் ஒரு பாகத்தை மட்டும் எரியவிட்டுப் பார்த்தார்கள். அந்த நெருப்பைப் பார்க்கும்போது இளைஞர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன். தாத்தா காலத்து ஆட்களுக்குத் தெரிந்ததை அவர்களிடம் கேட்க முடியாமல், அவர்கள் விட்டுப்போன இரும்பிடம் கேட்டுக் கற்றுக்கொண்டவர்கள்.

கைபேசியை வைத்து நீங்கள் சொன்ன வாதத்தில் எனக்கு மனம் நொந்தது இதனால்தான். அப்போலோ கம்ப்யூட்டரின் நிரல் நினைவகத்தைப் பெண்கள் கையால் பின்னினார்கள். செம்புக் கம்பி வளையத்துக்குள் போனால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். ஒரு கம்பி மாறினால் நிரல் தப்பு. விண்வெளி உடையைத் தைத்தவர்கள் உள்ளாடை தைத்துப் பழகிய பெண்கள். இத்தனை கைகளையும் நடிகர்கள் என்கிறது உங்கள் வீடியோ. கஷ்டமான பொருள் ஒன்று உருவாவதைப் பக்கத்தில் நின்று ஒருமுறையாவது பார்த்தவனுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

யாராவது இறங்கிக் காட்டட்டும் என்கிறீர்கள். காட்டுவார்கள். ஆர்ட்டெமிஸ் 2-க்கு நால்வரின் பெயரை 2023-லேயே அறிவித்தார்கள், அது சுற்றித் திரும்பும் பயணம் மட்டுமே, இறங்குவது அதற்கும் அப்புறம். சீனர்கள் தரையிறங்கும் கலத்துக்கு லான்யுவே என்று பெயரே வைத்துவிட்டார்கள். யார் முதலில் என்பதில் எனக்கு அக்கறையில்லை, எல்லோரும் பத்திரமாகத் திரும்பினால் போதும். ஆனால் அவர்கள் அனுப்பும் படம் இன்னும் தெளிவாக இருக்கும், அப்போது இன்னொரு நண்பர் இன்னொரு வீடியோ அனுப்புவார், இது கம்ப்யூட்டரில் செய்த படம் என்று. அன்றைக்கு என்ன செய்வீர்கள்?

அப்பா விஷயம். அவர் கோபத்தில் எழுந்து போயிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இறங்கியது நம் கடிகாரத்துக்கு ஜூலை 21 பின்னிரவு 1.47, ஆர்ம்ஸ்ட்ராங் கால் வைத்தது காலை 8.26. அப்போது அவருக்கு இருபதுகளில்தான் வயது இருந்திருக்கும். முன்பின் தெரியாத மனிதர்களுக்காக அன்றைக்கு ஒரு இளைஞன் சந்தோஷப்பட்டிருக்கிறான், அதை ஐம்பது வருடத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருக்கிறான், மகனிடமும் கொடுத்திருக்கிறான். நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று யோசியுங்கள். திட்டிவிட்டேன், வருத்தப்படாதீர்கள். அப்பா பேசவில்லை என்பது உறுத்தியதால்தானே எனக்கு எழுதினீர்கள், அந்த உறுத்தல் எனக்குப் புரிகிறது.

மாமா அன்று பட்டறையில் சொன்னதையெல்லாம் அந்த இளம் இன்ஜினியர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். கிளம்பும்போது மாமா நோட்டை வாங்கி நல்ல கண்ணுக்கு அருகே வைத்து முழுக்கப் படித்துவிட்டு, மழை பற்றிச் சொன்னது விட்டுப்போயிருக்கிறது என்று சேர்க்கச் சொன்னார். நானும் முப்பது வருடம் அவர் மடியில் வளர்ந்த மாதிரி வளர்ந்தவன், ஒரு நாளும் அவரிடம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உங்கள் அப்பா அன்று காலை யாரோடு உட்கார்ந்து கேட்டார், யார் வீட்டு வானொலி, அப்புறம் எங்கே போனார், கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கும் எழுதுங்கள்.