கவச உடை அணிந்தும் மருத்துவப் பணியாளர்களுக்குக் கொரோனா தொற்றியது எப்படி?

முழுக் கவச உடையில் பணியாற்றிய செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் நோய் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். உடையை அணியும்போதைவிடக் கழற்றும்போதுதான் ஆபத்து மிகுதி: தண்ணீர்கூடக் குடிக்காமல் பல மணி நேரம் வியர்வையில் ஊறிக் களைத்த ஒருவர், கையுறையின் வெளிப்புறத்தைத் தொட்ட விரலால் முகக்கவசத்தின் நாடாவை இழுத்து, அதே விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டால் போதும்.

காற்றின் வழியாகவும் பரவுகிறது. 2003 மார்ச்சில், ஹாங்காங்கின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனை 8ஏ வார்டில், சார்ஸ் என்னும் கடுமையான சுவாச நோய் என்று இன்னும் கண்டறியப்படாத ஒரு நோயாளிக்கு, மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சில் செலுத்தும் நெபுலைசர் கருவியை வைத்தார்கள். அங்கிருந்து ஏராளமான பணியாளர்களுக்குத் தொற்று பரவியது. சார்ஸை உண்டாக்கியதும் ஒரு கொரோனா வைரஸ்தான். அந்தப் பாடம் இருந்தும் 2020-இல், காற்றில் மிதக்கும் நுண்துகள்களை வடிகட்டும் என்95 முகக்கவசங்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

எளிதில் கவனிக்கப்படாத இன்னோர் இடம் ஓய்வறை: வார்டில் அவ்வளவு கவனமாக இருந்தவர்கள், சன்னலில்லாத சிறிய அறையில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு நெருங்கி அமர்ந்து உண்ணும்போது, அறிகுறியற்ற சக பணியாளரிடமிருந்தே அது தொற்றியது.