பித்தப்பைப் புற்றும் காவல் மரபணுக்களும்: வேலூர் பக்கத்துக் கேள்விகள்

பயாப்ஸி லேபில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். சிகிச்சை முடிவை உங்கள் டாக்டரிடம் பேசித்தான் எடுக்க வேண்டும்.

ஆம்பூர் வாசகர்: ஐயா, அக்காவுக்குப் பித்தப்பையில் புற்று. ரிப்போர்ட்டில் 'டிபி53 மாற்றம்' என்று இருக்கிறது. அப்படியென்றால் என்ன?

தம்பி, ஷூ கம்பெனியில் பழுதான தோலைக் கண்டால் லைனை நிறுத்தும் செக்கர் இருப்பாரே, செல்லுக்குள் அந்த வேலை டிபி53 தரும் புரதத்துக்கு. டிஎன்ஏ அடிபட்டால் செல் பிரிவதை நிறுத்தும். சரியாகாவிட்டால் செல்லையே சாகவைக்கும். இந்த மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி. இரண்டும் போனால்தான் காவல் போகும் என்ற கருத்தை விழித்திரைப் புற்றை வைத்து 1971இல் ஆல்ஃபிரட் நூட்சன் சொன்னார். ஆனால் டிபி53 வில்லங்கம் பிடித்தது. கெட்ட பிரதியின் புரதம் பல சமயம் நல்லதன் கையையும் கட்டிப்போட்டுவிடும். பித்தப்பைப் புற்றில் அதிகம் கெடுவது இதுதான். சிடிகேஎன்2ஏ, ஸ்மேட்4, ஏரிட்1ஏ என்று வேறு சிலவும் உண்டு.

அதே வாசகர்: அப்போ அக்கா பிள்ளைகளுக்கும் வருமா?

பெரும்பாலும் இல்லை. இந்த மாற்றம் பொதுவாகப் பிறவியில் வந்ததல்ல, கட்டிச் செல்லில் மட்டும் பிறகு ஏற்பட்டது. குடும்பத்தில் பலருக்குச் சின்ன வயதிலேயே மார்பகம், எலும்பு என்று புற்று வந்திருந்தால் மட்டும் மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

காட்பாடி வாசகி: இங்கே லாட்ஜ் முழுக்க வங்காளம், பீகார் நோயாளிகள். இந்த நோய் அவர்களுக்குத்தான் அதிகமா?

ஆமாம்மா, கங்கைச் சமவெளியில் தெற்கைவிட நன்றாகவே அதிகம். பெண்களுக்கு இன்னும் அதிகம். ஆனால் லாட்ஜ் கூட்டத்தை வைத்து இதைக் கணக்குப் போடாதீர்கள், அவர்கள் எல்லா நோய்க்கும்தான் வருகிறார்கள்.

குடியாத்தம் வாசகர்: ஸ்கேனில் 6 மி.மீ. கல். வலி இல்லை. எடுத்துவிடவா?

தொந்தரவு இல்லாத சின்னக் கல்லைப் பொதுவாக விட்டுவிடுவார்கள். புற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல் இருக்கும். கல் உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்று வரும். 3 செ.மீ.க்கு மேற்பட்ட கல், 1 செ.மீ.யைத் தாண்டிய பாலிப் (பையின் உள்சுவரில் முளைக்கும் சதை) என்றால் கதை வேறு.

ராணிப்பேட்டை வாசகர்: டிபி53க்கு மாத்திரை உண்டா?

இந்தப் புற்றுக்கு அப்படி நேரடி மருந்து இன்னும் வரவில்லை. போன செக்கரைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். அளவுக்கு மீறி வேலை வாங்கும் மேஸ்திரியை அடக்குவது சுலபம். செல்லை ஓயாமல் பிரியவைக்கும் ஹெர்2 மரபணு அந்த மேஸ்திரி ரகம், அதற்கு மருந்து இருக்கிறது. அதனால் ஹெர்2 பார்த்தார்களா என்று கேளுங்கள்.

ஆற்காடு வாசகி: அம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்துக் கல்லை மட்டும் பாட்டிலில் கொடுத்தார்கள். அது போதுமா?

போதாது. எங்கள் சொந்தத்திலும் ஒருவர் அந்தப் பாட்டிலை ஷோகேஸில் வைத்திருந்தார், பயாப்ஸி ரிப்போர்ட் கேட்டால் முழித்தார். பார்க்க வேண்டியது பையின் சுவரை. கல்லுக்காக எடுத்த பையில் எதிர்பாராமல் புற்று தெரிவதுண்டு. உள்பக்கச் சவ்வோடு நின்றிருந்தால் அந்த ஆபரேஷனே போதும், தசைக்குள் இறங்கியிருந்தால் பெரும்பாலும் மறுபடி ஆபரேஷன். நாளைக்கே போய் பையை லேபுக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கம்மா.