நாலு கோர் ஜியானா, எட்டு கோர் எபிக்கா?

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட்டில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். லிந்தாங் பக்கத்துத் தோட்டக் கடைகளுக்கு எங்கள் லோரிதான் சரக்கு போடுகிறது. கடையில் ஆறு கணினி, ஸ்டோரில் நான்கு. ஸ்டோர் ஆட்கள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகக் கடை சர்வருக்குள் வந்து பில் போடுவார்கள். கணக்கு மென்பொருள் ஆட்டோகவுண்ட், அதன் டேட்டாபேஸ் (தகவலைச் சேமிக்கும் மென்பொருள்) இலவச எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸ். இந்த ஜனவரியில் இ-இன்வாய்ஸ் (பில்லை வருமான வரி வாரியத்துக்கு இணையத்தில் அனுப்புவது) தொடங்கியதிலிருந்து பழைய சர்வர் திணறுகிறது. ஈப்போவில் இரண்டு இடத்தில் கொட்டேஷன் எடுத்தோம். ஒன்றில் பிராசசர் இன்டெல் ஜியான் இ-2434 (நாலு கோர், அதாவது உள்ளே நாலு தனி வேலை அலகு), மற்றதில் ஏஎம்டி எபிக் 4344பி (எட்டு கோர்). ஏஎம்டி எழுநூறு வெள்ளி (ரிங்கிட்) அதிகம். எட்டு கோர் வாங்கினால் விண்டோஸ் லைசென்சும் இரட்டிப்பாகும் என்று முதல் கடைக்காரர் சொல்கிறார். உண்மையா? எதை வாங்கலாம்?

பதில்: அந்த லைசென்ஸ் பேச்சை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதை நம்பித்தான் பலர் சின்ன பிராசசரை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டுக்கு ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர் லைசென்ஸ் வாங்கியே ஆக வேண்டும். உள்ளே நாலு கோர் இருந்தாலும் 16-க்குத்தான் பணம், எட்டு இருந்தாலும் 16-க்குத்தான். ஒரு காசுகூட அதிகமாகாது. ஏஎம்டி 2024 மே மாதம் வெளியிட்ட எபிக் 4004 வரிசை 16 கோரோடு நிற்பது இந்தக் கணக்குக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது. எஸ்கியூஎல் சர்வரின் கட்டணப் பதிப்பைக் கோர் கணக்கில் வாங்குகிறவருக்குத்தான் கோர் கூடினால் செலவு கூடும். நீங்கள் எக்ஸ்பிரஸ் வைத்திருக்கிறீர்கள், அது உங்களைத் தொடாது.

இப்போது இரண்டு பிராசசரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஜியான் இ-2434 நாலு கோர், எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை), அடிப்படை வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 5.0, கேஷ் (பிராசசருக்குள் உள்ள சிறிய வேக மெமரி) 12 எம்பி, 55 வாட். எபிக் 4344பி எட்டு கோர், பதினாறு திரெட், 3.8-இல் தொடங்கி 5.3 வரை போகும், எல்3 கேஷ் 32 எம்பி, 65 வாட். ஒரு ஆள் ஒரு பில் போடும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எக்ஸ்பிரஸ் பதிப்பு எத்தனை கோர் கொடுத்தாலும் நாலுக்கு மேல் தொடாது, டேட்டாவை எடுத்து வைத்துப் படிக்கும் இடத்துக்கு (பஃபர்) ஏறத்தாழ 1.4 ஜிபி மெமரிதான் எடுக்கும், 2022 பதிப்பு வரைக்கும் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்டவும் முடியாது. ஆகவே டேட்டாபேஸுக்கு மட்டும் என்றால் எட்டு கோர் வீண் என்று நானே சொல்லியிருப்பேன்.

ஆனால் உங்கள் ஸ்டோர் ஆட்கள் நான்கு பேர் ரிமோட் டெஸ்க்டாப்பில் உட்கார்ந்திருக்கிறார்களே, அங்கேதான் கதை மாறுகிறது. அவர்கள் நாலு பேருடைய ஆட்டோகவுண்ட் திரையும், அச்சு வேலையும், எக்செல்லும் அவர்கள் மேசையில் ஓடவில்லை, உங்கள் சர்வருக்குள்தான் ஓடுகிறது. அதே நேரத்தில் டேட்டாபேஸ், ஆன்டிவைரஸ், பேக்கப், எல்லாமும் அதே நாலு கோரை இழுக்கும். காலையில் லோரி ஏற்றும் நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் டெலிவரி ஆர்டர் அடிக்கிறபோது அது தெரியும். உங்கள் வேலைக்கு எட்டு கோர் ஆடம்பரமில்லை.

நீங்கள் அனுப்பிய இரண்டு கொட்டேஷனையும் வரிவரியாகப் பார்த்தேன். ஜியான் பெட்டியில் 16 ஜிபி ரேம் ஒன்றே ஒன்று, கூடவே இரண்டு சாட்டா ஹார்ட் டிஸ்க். ஏஎம்டி பெட்டியில் 16 ஜிபி இரண்டு, டிஸ்க் இரண்டும் என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, மிக வேகமான டிஸ்க்). அப்படியானால் அந்த எழுநூறு வெள்ளி பிராசசருக்கான வித்தியாசமே இல்லை, அதில் பெரும்பகுதி ரேமும் டிஸ்க்கும். இரண்டு பிராசசருக்கும் மெமரி சேனல் (ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவிலுள்ள பாதை) இரண்டு. ஒரே ரேம் போட்டால் பாதிப் பாதை மூடியே கிடக்கும். ஹார்ட் டிஸ்க்கில் டேட்டாபேஸ் வைத்தால் எந்தப் பிராசசர் வாங்கினாலும் மாதக் கடைசியில் ரிப்போர்ட் எடுக்கக் காத்திருக்கத்தான் வேண்டும். முதல் கடைக்காரரிடமும் 16 ஜிபி இரண்டு, எஸ்எஸ்டி இரண்டு போட்டு மறுபடி விலை கேளுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும்.

ஒரு விஷயம், இ-இன்வாய்ஸ் அனுப்பிவிட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்திலிருந்து பதில் வரக் காத்திருக்கும் நேரம் இருக்கிறதே, அதை எந்தப் பிராசசரும் குறைக்காது. அது இணைய வேலை.

மற்ற வசதிகளில், பிழையைத் தானே கண்டு திருத்தும் இசிசி மெமரி இரண்டிலும் உண்டு, கணக்கு வைக்கிற சர்வருக்கு அது கட்டாயம் என்பது என் கருத்து. அதிகபட்ச மெமரி ஜியானில் 128 ஜிபி, எபிக்கில் 192. உங்களுக்கு 32 போதும், ஆகவே அது கணக்கில் வேண்டாம். கூடுதல் கார்டு, டிஸ்க் சேர்க்கும் பாதையான பிசிஐ லேன் எபிக்கில் அதிகம், அதுவும் உங்களுக்குத் தேவைப்படாது. நாளைக்குப் பெரிதாக்க வேண்டுமென்றால் எபிக் 4004 வரிசை அதே சாக்கெட்டில் (போர்டில் பிராசசர் பொருந்தும் இடம்) 16 கோர் வரை போகும், ஜியான் இ-2400 வரிசை எட்டோடு நின்றுவிடும்.

பிராசசரை மட்டும் பார்த்தால் எபிக்தான், சந்தேகமே இல்லை. ஆனால் சுங்கை சிப்புட்டில் சர்வர் படுத்துவிட்டால் யார், எத்தனை மணிக்கு, எந்தப் பாகத்தோடு வருவார் என்பதும் விலைக்குள் இருக்கிறது. ஜியான் இ-2400 வரிசையை டெல், எச்பிஇ போன்ற பெரிய நிறுவனங்களின் பெட்டியில் வாங்கலாம், அடுத்த வேலை நாளில் கடைக்கே வந்து பழுது பார்க்கும் வாரண்டியும் சேர்த்துக்கொள்ளலாம். ஏஎம்டி கொட்டேஷனில் 'மூன்று வருடம்' என்று மட்டும் இருக்கிறது, வந்து பார்ப்பார்களா அல்லது நீங்கள் தூக்கிக்கொண்டு ஈப்போ போக வேண்டுமா என்று இல்லை. அதை எழுத்தில் கேளுங்கள். வந்து பார்ப்போம் என்று எழுதிக் கொடுத்தால் எபிக் வாங்குங்கள். கொடுக்கவில்லை என்றால் ஜியானே வாங்குங்கள், ஆனால் இ-2434 வேண்டாம், ஆறு கோர் உள்ள இ-2436 கேளுங்கள். லைசென்ஸ் அதற்கும் அதேதான். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு ஆளுக்கொரு தனி லைசென்ஸ் வேண்டும், இரண்டு கொட்டேஷனிலும் அது விட்டுப்போயிருக்கிறது, அப்புறம் தனியாக பில் வரும். மின்சாரம் போனால் தாங்கிப் பிடிக்கும் பேட்டரிப் பெட்டியான யுபிஎஸ்ஸும் இல்லை. நம் ஊர் மத்தியான இடி மழைக்கு அது இல்லாமல் சர்வரை ஓட்டாதீர்கள்.

கேள்வி: அண்ணே, பாலிடெக்னிக்கில் நெட்வொர்க்கிங் படிக்கிறேன். ஆன்லைனில் பழைய ஜியான் இ5-2680 வி4 இரண்டு போட்ட சர்வர் மலிவாகக் கிடைக்கிறது. 28 கோர்! அப்பா தன் ஒர்க்‌ஷாப் கணக்கையும் அதில் போடலாம் என்கிறார்.

பதில்: தம்பி, உன் படிப்புக்கு நல்ல சாமான். ஒரே பெட்டிக்குள் தனித்தனிக் கணினி போல ஓடும் விர்ச்சுவல் மெஷின் பத்து ஏற்றிப் பழகலாம், பழைய டிடிஆர்4 ரெஜிஸ்டர்ட் ரேமும் மலிவாகவே கிடைக்கும். ஆனால் அந்த ரேம் நாளைக்கு மேலே சொன்ன புதுப் பெட்டிகளில் ஏறாது. அப்பா கணக்குக்கு வேண்டாம். 2016-இல் வந்த பிராசசர், உச்ச வேகம் 3.3 தான், கணக்கு மென்பொருளுக்கு 28 கோரைவிட ஒரு வேகமான கோர்தான் முக்கியம். ஒவ்வொன்றும் 120 வாட். இருபத்துநாலு மணி நேரமும் 100 வாட் கூடுதலாக எரிந்தால் வருடத்துக்கு 876 யூனிட், அதை அப்பாதான் கட்டுவார். விண்டோஸ் சர்வர் போட்டால் 28 கோருக்கும் லைசென்ஸ். படிக்கும்போது மட்டும் போட்டு, முடிந்ததும் அணைத்துவிடு.

கேள்வி: மூன்று கணினி உள்ள சின்னக் கடைக்கு சாதாரண கோர் ஐ5 கணினியையே சர்வராக வைக்கலாமா?

பதில்: வைக்கலாம் அம்மா. விண்டோஸ் 11 புரோ இருந்தால் மூன்று கணினி சேர்ந்து கணக்கு போடத் தடையில்லை. சாதாரண போர்டில் இசிசி கிடைக்காது, அதனால் தினமும் கடை சாத்தும்போது ஒரு பேக்கப்பை வெளி டிஸ்க்கில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.